ஒரு கிளிப்... ஆறு தந்தி... ச ப ச ம ப ச!

மயிலாப்பூர் – தி.நகர் – அடையாறு: கிட்டாரைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு சனிக்கிழமை ரவுண்டு

உங்க ஹாஸ்டல் ரூம்ல கட்டிலுக்கு அடியில கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. பழைய ரெக்கார்டு நோட்டு, ஒத்தைச் செருப்பு, அதுக்கும் பின்னாடி தூசி போர்த்திக்கிட்டு ஒரு கிட்டார் தூங்கிட்டு இருக்கும். உங்களோடது இல்லைன்னா ரூம்மேட்டோடது. ஃபர்ஸ்ட் இயர்ல வீட்ல அடம்பிடிச்சு வாங்கினது. ‘எஃப்’ கார்டு வந்த அன்னிக்கு ஆட்காட்டி விரல் அலற, செகண்ட் இயர்ல அது துண்டு காயப்போடுற ஸ்டாண்டா மாறி, தேர்டு இயர்ல கட்டிலுக்கு அடியில போயிருக்கும். கரெக்டா?

கிட்டாரைக் கைவிட்டவங்க சொல்ற காரணம் பெரும்பாலும் ரெண்டுதான். ஒண்ணு, ‘விரல் வலிக்குது பாஸ்’. இன்னொண்ணு, வீட்டுப் பாட்டி சொன்ன டயலாக்: ‘அதுல நம்ம பாட்டு எங்கேடா வரும்? டொய்ங் டொய்ங்னு சத்தம்தான் வரும்!’ இந்த ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் உங்க உள்ளங்கைக்குள்ள அடங்கும். அதுக்குப் பேர் பார்ஷியல் கேப்போ.

கேப்போ தெரியும்தானே? கிட்டார் கழுத்துல துணி கிளிப் மாதிரி மாட்டுவாங்களே, அது. ஆறு தந்தியையும் ஒரே ஃப்ரெட்ல அழுத்திப் பிடிச்சு சுருதியை ஏத்திக் கொடுக்கும். பார்ஷியல் கேப்போ அதோட குட்டித் தங்கச்சி. ஆறையும் பிடிக்காது. மூணை மட்டும் பிடிச்சு, மத்த மூணையும் சும்மா விட்டுடும். ‘இவ்வளவுதானா?’ன்னு கேட்காதீங்க. அந்த ‘சும்மா விடுற’ மூணுலதான் சமாசாரமே இருக்கு. அது என்னன்னு புரியணும்னா புத்தகத்தைவிட ஊர் சுத்துறது பெட்டர். கிளம்புங்க, தென்சென்னையில மூணு ஸ்டாப்!

பையில என்னென்ன? கிட்டார், ஒரு சாதா கேப்போ, போன்ல ஒரு ட்யூனர் ஆப், தண்ணி பாட்டில். போதும்.

முதல் ஸ்டாப்: மயிலாப்பூர்

பறக்கும் ரயில்ல திருமயிலை ஸ்டேஷன்ல இறங்கி, லஸ் பக்கம் இருந்து கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிக்கு நடங்க. காலை ஏழு மணி. பூக்கூடை, காய்கறிக் கடை, டிகிரி காபி வாசனை. இந்த ஏரியாவுல எந்தச் சந்துல நுழைஞ்சாலும் யாராவது ஒருத்தர் பாட்டு கத்துக்கிட்டு இருப்பாங்க. பாட்டு காதுல விழுறதுக்கு முன்னாடி இன்னொரு சத்தம் விழும். தம்புரா. இப்பெல்லாம் பாதி வீட்ல பெட்டியும் போன் ஆப்பும்தான், ஆனா சத்தம் அதேதான்: ப... ச... ச... ச...

நாலே தந்தி. ஒண்ணு பஞ்சமம், மத்தது எல்லாம் ஷட்ஜம். அது பாடுறவங்களுக்கு வீடு மாதிரி. எவ்வளவு தூரம் சுத்தினாலும் திரும்பி வர ஒரு இடம். முக்கியமான விஷயம், தம்புரா எந்த ராகத்துக்கும் கட்சி சேராது. ‘க’வும் ‘நி’யும் அதுல தந்தியா இல்லை. அதனாலதான் சங்கராபரணத்துக்கும் தோடிக்கும் அதே தம்புரா.

இப்ப உங்க கிட்டாரை எடுங்க. விரலே வைக்காம, தடிமனான தந்தியில இருந்து மெல்லிய தந்தி வரைக்கும் ஒரு தடவை மீட்டுங்க. இ, ஏ, டி, ஜி, பி, இ. இதை அப்படியே ஸ்வரமா மாத்துவோம். ‘இ’யை ஷட்ஜமா வெச்சா: ச, ம, நி, க, ப, ச. அடடே! ஸ்வரங்களை வரிசைப்படுத்துங்க... ச க ம ப நி. கர்நாடக இசை தெரிஞ்ச ஃப்ரெண்டு பக்கத்துல இருந்தா உடனே சொல்லிடுவாங்க: ‘சுத்த தன்யாசி!’ ஆமாம், நீங்க தூங்கவிட்ட அந்தக் கிட்டாரோட திறந்த தந்திகளுக்குள்ள ஒரு முழு ராகம் தூங்கிட்டு இருக்கு.

அதுதான் சிக்கலும்கூட. கிட்டார் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ஞ்சிடுச்சு. அந்த சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும் பின்னாடி முணுமுணுத்துக்கிட்டே இருந்தா, மேலே மோகனம் வாசிச்சா எப்படி ஒட்டும்? பாட்டியோட ‘டொய்ங் டொய்ங்’ கம்ப்ளெய்ன்ட்ல நியாயம் இருக்கு. குற்றம் கிட்டார் மேல இல்லை, அதோட ட்யூனிங் மேல.

‘அப்போ ட்யூனிங்கையே மாத்திட்டா?’ன்னு கேட்கிறீங்களா? இந்த ஊர் அதை இருநூறு வருஷம் முன்னாடியே செஞ்சு காட்டிடுச்சு. வயலின்! முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர், 1786-ல பிறந்தவர். மணலி முதலியார் ஆதரவுல குடும்பம் சென்னைப் பக்கம் இருந்தப்போ, கோட்டையைச் சேர்ந்த ஐரோப்பிய இசைக்காரர்கிட்ட வயலின் கத்துக்கிட்டார். ஐரோப்பாவுல அதோட நாலு தந்தி ஜி, டி, ஏ, இ. நம்ம ஆட்கள் வயலினைக் கையில எடுத்து, தரையில உட்கார்ந்து, தந்தியை ச ப ச ப-ன்னு மாத்திட்டாங்க. அவ்வளவுதான், வயலின் நம்ம வீட்டுப் பிள்ளை. இன்னிக்கு மியூசிக் அகாடமி மேடையில வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியைக் கற்பனை பண்ணிப் பாருங்க. முடியாது!

வீணையும் இதே பாடத்தைத்தான் சொல்லுது. வீணைக்கு ஏழு தந்தி. வாசிக்கிறது நாலு. பக்கவாட்டுல இருக்கிற மூணு தாளத் தந்தி ச, ப, ச. அந்த மூணு மேல இடது கை விரல் படவே படாது. அதுங்க வேலை, தாளத்துக்கும் சுருதிக்கும் துணையா ஒலிக்கிறது. ‘சில தந்தியைப் பிடி, சிலதை விட்டுடு’. நம்ம பார்ஷியல் கேப்போ தத்துவம் இதுலயே வந்தாச்சு!

மயிலாப்பூருக்கும் கிட்டாருக்கும் நேரடி சொந்தமும் உண்டு. தன்ராஜ் மாஸ்டர் குடியிருந்த லாட்ஜ் அறை இந்த ஏரியாவுலதான். பண்ணைப்புரத்துல இருந்து வந்த ராசையா அங்கே மேற்கத்திய இசை படிச்சார், லண்டன் ட்ரினிட்டி காலேஜோட கிளாசிக்கல் கிட்டார் தேர்வுல தங்கப் பதக்கம் வாங்கினார், 1976-ல ‘அன்னக்கிளி’ மூலமா இளையராஜாவா வெளியில வந்தார். கிட்டார் ‘வெளியாள்’னு சொல்ற யாரையும் கூட்டிட்டு வந்து இந்த மாட வீதியில ஒரு ரவுண்டு விடுங்க.

இப்போ மேட்டருக்கு வருவோம். லஸ் பக்கத்துல நாகேஸ்வர ராவ் பார்க். மைக்கே இல்லாத கச்சேரிகள் நடந்த இடம். ஒரு பெஞ்ச்ல உட்காருங்க. தடித் தந்தி 6, மெல்லிய தந்தி 1. ஞாபகம் வெச்சுக்குங்க, இனிமே இந்த நம்பர்லதான் பேசப்போறோம்.

2-வது ஃப்ரெட்ல, நடுவுல இருக்கிற 5, 4, 3 தந்திகளை மட்டும் அழுத்தணும். 6, 2, 1 திறந்தே இருக்கணும். பார்ஷியல் கேப்போ கையில வர்ற வரைக்கும் மூணு விரலால பிடிச்சே டெஸ்ட் பண்ணலாம். என்ன ஆச்சுன்னு பாருங்க: ‘ம’ ரெண்டு படி ஏறி ‘ப’ ஆயிடுச்சு. ‘நி’ ஏறி ‘ச’ ஆயிடுச்சு. ‘க’ ஏறி ‘ம’ ஆயிடுச்சு. மொத்தமா மீட்டுங்க...

ச – ப – ச – ம – ப – ச!

‘க’வும் காணோம், ‘நி’யும் காணோம். சோகமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கட்சி சேராத கிட்டார். இப்போ 3-வது தந்தியில 4-வது ஃப்ரெட்டை ஒரே ஒரு விரலால அழுத்துங்க. (இந்தக் கட்டுரை முழுக்க ஃப்ரெட்டை கேப்போவுல இருந்து எண்ணாதீங்க, கிட்டார் தலைப்பக்கத்துல இருந்து எண்ணுங்க.) அந்த ‘ம’வும் ‘ப’ ஆயிடும். ச ப ச ப ப ச. ஆறு தந்தி தம்புரா ரெடி!

இரண்டாவது ஸ்டாப்: தி.நகர்

பஸ் பிடிச்சு பனகல் பார்க். மயிலாப்பூர் காதுல பேசும், தி.நகர் கத்தும். ரங்கநாதன் தெரு கூட்டத்துல கிட்டாரோட நுழையாதீங்க, வெளியில வரும்போது உங்க கையில கழுத்து மட்டும்தான் இருக்கும். 2019-ல நடைபாதை வளாகமா மாறின பாண்டி பஜார் பக்கம் போங்க. அகலமான நடைபாதை, உட்கார இடம், கிட்டாரோட ஒருத்தர் நடந்தா திரும்பிப் பார்க்கிற ஜனம். ஃப்ரீ விளம்பரம்!

இந்த ஏரியாவுல கேப்போ ஒரு அத்தியாவசியப் பொருள். ஒரு பக்கம் வாணி மஹால், கிருஷ்ண கான சபான்னு சபாக்கள். இன்னொரு பக்கம் கோடம்பாக்கம் ரெக்கார்டிங், கல்யாண வீட்டு மெல்லிசைக் குழுக்கள். பாடுறவங்க கேட்கிற முதல் கேள்வி, ‘எத்தனை கட்டை?’ கட்டைன்னா ஆர்மோனியத்தோட வெள்ளைக் கட்டை. சி-ன்னா 1, டி-ன்னா 2, இ-ன்னா 3, ஜி-ன்னா 5. பொண்ணுங்க நிறைய பேர் 5, ஐந்தரையில பாடுவாங்க. பசங்க 1, ஒன்றரைன்னு இறங்குவாங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் ஆள் மாற மாற, கிட்டாரிஸ்ட் கேப்போவை நகர்த்திக்கிட்டே இருப்பார்.

கடைக்குப் போய், ‘அண்ணா, பார்ஷியல் கேப்போ இருக்கா?’ன்னு கேட்டுப் பாருங்க. ‘பார்ஷியலா? முழுசாவே இருக்கு தம்பி, எதுக்குப் பாதி?’ன்னு பதில் வந்தாலும் வரும். சிரிச்சுக்கிட்டே, ‘மூணு தந்தி பிடிக்கிற ஷார்ட் கேப்போ’ன்னு சொல்லுங்க. கைசர் கம்பெனியோட ‘ஷார்ட்-கட்’ இந்த வகைதான். ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனி ரப்பர் வெச்சு, வேணும்கிற தந்தியை மட்டும் அழுத்துற ‘தேர்டு ஹேண்ட்’ன்னு ஒரு வகையும் உண்டு. பேரைப் பாருங்க, மூணாவது கை! அமெரிக்க கிட்டாரிஸ்ட் ஹார்வி ரீட் இந்த மூணாவது கையை வெச்சே வருஷக்கணக்கா பாட்டு பண்ணி, பாடம் எழுதினவர்.

கிடைக்கலையா? கவலை வேண்டாம். ரப்பர் தடிமனா இருக்கிற மலிவான சாதா கேப்போ ஒண்ணு வாங்குங்க. காலேஜ் கேன்டீன்ல சில நாள் டிபன் காசுதான். கிட்டார்ல மாட்டிப் பார்த்து, 6, 2, 1 தந்தி படுற இடத்துல ரப்பர்ல பேனாவால மார்க் பண்ணுங்க. பிளேடால அந்த இடத்தை மட்டும் பள்ளமா வெட்டி எடுங்க. தந்தி அதிரும்போது எதிலும் உரசக்கூடாது, அந்த அளவு ஆழம். முடிஞ்சது, உங்க சொந்தத் தயாரிப்பு! (வெட்டும்போது விரலைப் பத்திரமா வெச்சுக்குங்க. அது இன்னும் தேவைப்படும்.)

வெட்டாமலே ஒரு ட்ரிக் இருக்கு. சாதா கேப்போவை மெல்லிய தந்திப் பக்கமா இருந்து மாட்டி, 2-வது ஃப்ரெட்ல 5 தந்தியை மட்டும் பிடிக்க வைங்க. தடித் தந்தி 6 வெளியில நிக்கட்டும். இப்போ கீழே இருந்து ச, ப, ச-ன்னு கனமா ஒரு அடித்தளம் கிடைக்கும். ராக் பசங்க ‘ட்ராப் டி’ன்னு சொல்ற ட்யூனிங்தான் இது, ரெண்டு படி மேலே. பார்ஷியல் கேப்போவுக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி இந்த ருசியைப் பார்த்துக்குங்க.

இன்னொரு ருசி: அதே குட்டி கேப்போவைத் திருப்பி மாட்டி 4, 3, 2 தந்திகளை 2-வது ஃப்ரெட்ல பிடிங்க. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? உங்க முதல் நாள் கிளாஸ்ல கத்துக்கிட்ட ‘ஏ’ கார்டு! மூணு விரல் சேர்ந்து செஞ்ச வேலையை கிளிப் செய்யுது, உங்க நாலு விரலும் ஃப்ரீ. ‘ஏ’யை ஷட்ஜமா வெச்சா ப ச ப ச க ப. இது கட்சி சேர்ந்த ட்யூனிங். அந்தர காந்தாரம் உள்ளேயே இருக்கு, அதனால சந்தோஷமா மட்டும்தான் பேசும்.

சரி, 5 கட்டையில பாடுற ஃப்ரெண்டுக்கு ச ப ச ம ப ச வேணுமே? ரெண்டு கேப்போ போடுங்க. 3-வது ஃப்ரெட்ல முழு கேப்போ, 5-வது ஃப்ரெட்ல குட்டி கேப்போ. ஐந்தரைன்னா 4-லயும் 6-லயும். ஒரு பிருடையைக்கூடத் திருகலை, பாட்டுக்கு சுருதி ரெடி.

ஒரு கட்டையில பாடுற பசங்களுக்கு? இங்கேதான் கேப்போ கையை விரிக்கும். அது ஏத்தும், இறக்கவே இறக்காது. ரெண்டு கட்டை வேணும்னா ஆறு தந்தியையும் ரெண்டு படி தளர்த்திட்டு, அதுக்கு மேல குட்டி கேப்போ போடலாம். அதுக்கும் கீழேன்னா தந்தி தொளதொளன்னு ஆகி, சத்தம் கொசகொசன்னு வரும். மந்திரக்கோல்னு நினைச்சு வாங்காதீங்க, இது கிளிப்தான்.

மூணாவது ஸ்டாப்: அடையாறு

சாயங்காலம் நாலு மணி. சேமியர்ஸ் ரோடு வழியா திரு.வி.க. பாலத்தை நோக்கிப் போங்க. பாலத்துக்கு முன்னாடி ஆற்றோரமா பிராடி கேஸில். 1790-கள்ல ஜேம்ஸ் பிராடிங்கிற வெள்ளைக்காரர் கட்டின மாளிகை. அப்புறம் அதே வளாகம் அரசு இசைக் கல்லூரி ஆயிடுச்சு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் வீட்ல வீணை கிளாஸ்! வயலினுக்கு நடந்தது ஒரு கட்டடத்துக்கும் நடந்திருக்கு பாருங்க.

பாலம் தாண்டினா அடையாறு. கொஞ்சம் தள்ளி ஐ.ஐ.டி. இங்கே கப்பல் கட்டுற இன்ஜினீயரிங் படிச்ச ஒருத்தர், எலெக்ட்ரிக் கிட்டார்ல கர்நாடக சங்கீதம் வாசிக்கிறார். ஆர்.பிரசன்னா. வயலின் மேதை ஏ.கன்யாகுமரிகிட்டயும் பாடம் கேட்டவர். கீர்த்தனையும் வாசிப்பார், ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு 2006-ல ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’னு ஆல்பமும் போடுவார். அவருக்கு முன்னாடியே சுகுமார் பிரசாத் கிட்டார்ல ராகம் வாசிச்சுக் காட்டினார். மாண்டலின் சீனிவாஸ், இரட்டை இரட்டையா இருந்த மாண்டலின் தந்தியை ஒத்தை ஒத்தையா அஞ்சு தந்தி ஆக்கி, உலகம் முழுக்கச் சுத்தி வந்தார். வாத்தியத்தை நமக்கேத்த மாதிரி மாத்திக்கலாம்னு காட்டினவங்க இந்த ஊர்ல வரிசையா இருக்காங்க.

ஐ.ஐ.டி-யோட ஓப்பன் ஏர் தியேட்டர்தான் எத்தனையோ காலேஜ் பேண்டுகளோட கனவு. 1974-ல ‘மார்டி கிரா’ன்னு ஆரம்பிச்சு, பின்னால ‘சாரங்’ ஆன கல்ச்சுரல்ஸ் மேடை. அதே மாதிரி உங்க காலேஜ் மேடையை நினைச்சுப் பாருங்க. ஒரு டீமுக்குக் கொடுக்கிற நேரமே கொஞ்சம். முதல் பாட்டு சாதா ட்யூனிங், அடுத்தது வேற ட்யூனிங். நடுவுல நீங்க பிருடையைத் திருக, கூட்டம் ‘ஓஓஓ’ன்னு ஊளையிட, டென்ஷன்ல ஒரு சுத்து அதிகமாத் திருகி ‘டங்’னு தந்தி அறுந்து... வேண்டாம் சாமி! குட்டி கேப்போ மாட்ட மூணு செகண்ட், கழட்ட ஒரு செகண்ட். கையில ஒரே கிட்டார்தான் இருக்குங்கிற மாணவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வெளிநாட்டு பேண்டுக்காரங்க ட்யூனிங்குக்கு ஒண்ணா நாலு கிட்டார் கொண்டு வருவாங்க. நமக்கு ஒண்ணு வாங்கவே அப்பாகிட்ட ஆறு மாசம் கெஞ்சணும்!

அப்படியே எலியட்ஸ் பீச். ஷ்மிட் நினைவு மண்டபம் பக்கத்துல மணல்ல உட்காருங்க. கடல் சத்தமே ஒரு சுருதிப் பெட்டி. இங்கே ஒரு தூர தேசக் கதை. 1960-களோட தொடக்கத்துல, டேவி கிரஹாம்னு ஒரு இங்கிலாந்து கிட்டாரிஸ்ட் மொராக்கோவுல டான்ஜியர் ஊருக்குப் போனார். அங்கே ‘ஊத்’ வாத்தியக்காரங்களோட சேர்ந்து வாசிக்க ஆசைப்பட்டார். சாதா ட்யூனிங் ஒட்டலை. 6, 2, 1 தந்திகளை ரெண்டு படி தளர்த்திப் பார்த்தார். டி, ஏ, டி, ஜி, ஏ, டி. சேர்த்துச் சொன்னா ‘டாட்காட்’. ஐரிஷ், ஸ்காட்டிஷ் கிராமியப் பாட்டு வாசிக்கிறவங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. லெட் செப்பலின் ஜிம்மி பேஜ், 1975-ல வந்த ‘காஷ்மீர்’ பாட்டை இந்த ட்யூனிங்லதான் வாசிச்சார்.

‘டி’யை ஷட்ஜமா வெச்சு அந்த ட்யூனிங்கை எழுதுங்க: ச ப ச ம ப ச. அட, காலையில நாகேஸ்வர ராவ் பார்க்ல கேட்ட அதே வரிசை! அவர் 6, 2, 1-ஐ இறக்கினார். நாம மத்த மூணான 5, 4, 3-ஐ ஏத்தினோம். அவருக்கு 2 கட்டை, நமக்கு 3 கட்டை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இல்லை, இன்னொரு வித்தியாசம் இருக்கு. அதுதான் ரொம்ப முக்கியம். பிருடையைத் திருகி ட்யூனிங் மாத்தினா, அந்தத் தந்தியில எல்லா ஃப்ரெட்டும் இடம் மாறிடும். நீங்க கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்ட பழைய கார்டு எதுவும் அங்கே இருக்காது. பரீட்சைக்கு முந்தின நாள் சிலபஸ் மாத்தின மாதிரி! பார்ஷியல் கேப்போ அப்படி இல்லை. கேப்போவைத் தாண்டி விரல் வைக்கிற ஒவ்வொரு இடத்துலயும் பழைய ஸ்வரம் பழைய இடத்துலயேதான் இருக்கும். மாறினது சும்மா விட்ட தந்திகளோட உறவு மட்டும்தான். தெரிஞ்சதை மறக்காமலே புது ஊருக்குப் போறோம்.

இதுக்கு விலையும் உண்டு. நிஜ டாட்காட்டோட அடித்தந்தி ‘டி’க்கு இறங்கி உறுமும், நம்மளோடது அந்த ஆழத்துக்குப் போகாது. அந்த ட்யூனிங்குக்குன்னே எழுதின பாட்டுகளோட விரல் அமைப்பும் இதுல அப்படியே வராது. அது ஒரு வாசல், இது வேற வாசல். ரெண்டு வழியாவும் நுழையலாம்.

பீச்சுல உட்கார்ந்துட்டே ஹோம்வொர்க்!

* 5, 4, 3 தந்தியில, 2-வது ஃப்ரெட்ல குட்டி கேப்போ. தடித் தந்திப் பக்கமா இருந்து மாட்டுங்க. அப்பதான் 1, 2 தந்தி முழுக்க ஃப்ரீயா இருக்கும்.

* ஒரு விரல் போதும்: 6-வது தந்தியை முதல்ல திறந்து, அப்புறம் 5-வது ஃப்ரெட், அப்புறம் 7-வது ஃப்ரெட். ஒவ்வொண்ணுக்கும் ஆறு தந்தியையும் மீட்டுங்க. ச, ம, ப-ன்னு அடித்தளம் நகரும், மேலே சுருதி நிற்கும். பாதி மெலடிப் பாட்டுக்கு இதுவே துணை. ‘எஃப்’ கார்டு பயம் பை பை!

* 1-வது தந்தியில மட்டும் ராகம்: மோகனம் 0, 2, 4, 7, 9, 12. ஹம்சத்வனி 0, 2, 4, 7, 11, 12. சுத்த தன்யாசி 0, 3, 5, 7, 10, 12. ஒரு ஸ்வரம் வாசிங்க, நடுநடுவுல மத்த தந்தியை மெதுவாத் தட்டி விடுங்க. மூணு ராகத்துக்கும் அதே ஆறு தந்தி துணை நிக்கிறதைக் கவனிங்க.

* கமகம் வேணுமா? தந்தியை விரலால பக்கவாட்டுல இழுங்க. 7-வது ஃப்ரெட்டுக்கு மேலே இழுக்க ஈஸி. விரல் நோகும், நிறுத்தி நிறுத்திப் பழகுங்க.

* கேப்போவை ஃப்ரெட் கம்பிக்கு ரொம்பப் பக்கத்துல, அதுக்குச் சற்று பின்னாடி மாட்டுங்க. நடுவுல மாட்டினா சுருதி ஏறிடும். மாட்டினதும் ட்யூனர்ல ஒரு தடவை செக் பண்ணுங்க. அழுத்தின தந்திக்கும் திறந்த தந்திக்கும் நடுவுல மயிரிழை பிசகினாலும் இந்த ட்யூனிங் காட்டிக்கொடுத்துடும்.

* பீச் உப்புக் காத்து தந்தியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வீட்டுக்குப் போனதும் காய்ஞ்ச துணியால துடைங்க. ராத்திரி கேப்போவைக் கழட்டி வைங்க.

கடைசியா ஒரு வார்த்தை. உங்க வீட்ல சங்கீதம் படிச்ச அக்கா, அத்தை, பாட்டி யாராவது ஒருத்தர் கட்டாயம் இருப்பாங்க. பல வருஷம் முன்னாடி பாட்டை நிறுத்தியிருப்பாங்க. கிட்டாரைக் கண்டா தள்ளி உட்காருவாங்க. அவங்க பக்கத்துல போய் உட்காருங்க. எதுவும் வாசிச்சுக் காட்ட வேண்டாம். 3-வது தந்தியில ஒரு விரல் வெச்சு, ச ப ச ப ப ச-ன்னு மெதுவா மீட்டிக்கிட்டே இருங்க. ‘ஒரு மோகனம் பாடுங்களேன்’னு கேளுங்க. 3 கட்டை ஒத்துவரலைன்னா கேப்போவை நகர்த்துங்க, பாட்டி சுருதிக்கு நாமதான் போகணும்.

ரெண்டு தலைமுறையும் ஒரே அறையில, ஒரே சுருதியில. ஒரு கிளிப் இவ்வளவு செய்யும்னா, அந்தக் கிட்டாரை இன்னும் கட்டிலுக்கு அடியிலயே விட்டு வைக்கலாமா? குனிஞ்சு இழுங்க பாஸ். முதல்ல தூசி தட்டுங்க!